இந்த சர்வர் எந்த ரெல்மைச் சேர்ந்தது?

இரண்டு டைரக்டரி சர்வர்களை கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாக இணைக்கும்போது கடவுச்சொல் சரியாக இருக்கும், கடிகாரங்களும் ஐந்து நிமிட வரம்புக்குள் ஒத்துப்போகும். ஆனாலும் கேட்ட சர்வர் தரவுத்தளத்தில் இல்லை என்று டிக்கெட் மறுக்கப்படும். அமைத்தவரின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கோளாறின் வேர் 1983இல் இருக்கிறது. அந்த ஆண்டில்தான் எம்ஐடி பல்கலைக்கழகம் டிஜிட்டல், ஐபிஎம் நிறுவனங்களுடன் ஏதெனா திட்டத்தைத் தொடங்கியது. கெர்பரோஸ் அதில் பிறந்தது. பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ் பெயர்முறையை வெளியிட்டதும் அதே ஆண்டு. ஒன்று கணினிக்குப் பெயர் வைத்தது. மற்றது, அந்தக் கணினிக்கு யார் பொறுப்பு என்று ரெல்ம் என்னும் எல்லையை வகுத்தது. இரண்டையும் கட்டிப்போடும் விதி எதுவும் எழுதப்படவில்லை. டொமைன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினால் ரெல்ம் பெயர் கிடைக்கும் என்பது வெறும் வழக்கம். டிஎன்எஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்ப்பதில்லை, கெர்பரோஸ் பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு ரெல்ம்.

இந்த வழக்கம் பிறந்த வீட்டிலேயே பொருந்தவில்லை என்பதுதான் வலுவான சான்று. எம்ஐடியின் டொமைன் எம்ஐடி.இடியூ, ரெல்மோ ஏதெனா.எம்ஐடி.இடியூ. கணினியின் பெயரை மட்டும் வைத்து ஊகித்தால் தவறான ரெல்மின் கதவைத்தான் தட்ட நேரும். எனவே எந்த டொமைன் எந்த ரெல்முக்கு உரியது என்பதை அமைப்புக் கோப்பில் தனியே எழுதவேண்டியிருந்தது. அங்கே பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் அந்த டொமைனுக்குக் கீழுள்ள கணினிகளை அது குறிக்கும். வைக்காவிட்டால் அந்தப் பெயரைக் குறிக்கும்; எம்ஐடி வெளியீட்டில், தனி விதி இல்லாதபோது, அதற்குக் கீழுள்ள கணினிகளையும் சேர்த்தே குறிக்கும். ஒரு புள்ளிக்காக ஒரு நாள் முழுக்க வீணாவது இப்படித்தான்.

அந்தப் பட்டியலையும் டிஎன்எஸ்ஸிலேயே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்க வழி உண்டு. ஆனால் பாதுகாக்கப்படாத டிஎன்எஸ் பதிலை இடையில் ஒருவர் மாற்றிவிட முடியும். பயனரை வேறொரு ரெல்முக்குத் திருப்பிவிடவும் முடியும். நெட்வொர்க்கை நம்பாமல் இருக்கவே உருவான முறை, தன் எல்லையை நெட்வொர்க்கிடமே கேட்பது முரண். எம்ஐடி வெளியீட்டில் அந்த வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருப்பதை நான் சரியென்றே கொள்கிறேன். இன்னொரு மறுப்பு கனமானது: விண்டோஸ் 2000 கெர்பரோஸை ஏற்றபோது, அதன் டைரக்டரி சேவையான ஆக்டிவ் டைரக்டரி டொமைனையும் ரெல்மையும் ஒன்றாக்கிவிட்டதே? ஒரே குடும்பத்துக்குள் அது உண்மை. அங்கே பயனர் கணினி தன் சர்வரிடம் கேட்கும். அது சரியான இடத்தைச் சுட்டி அனுப்பும். 2012இல் வந்த ஆர்எஃப்சி 6806 இந்த முறையைப் பொது ஆவணமாக்கியது. ஆனால் ஆக்டிவ் டைரக்டரியின் டொமைனில் பெயர் பெற்ற லினக்ஸ் சர்வர் ஒன்று வேறொரு ரெல்மில் பதிவாகியிருந்தால், சுட்டி அனுப்புபவரே பெயரைப் பார்த்து அதைத் தன் வீட்டிலேயே தேடுவார், இல்லை என்பார். அப்போது பயனர் கணினியின் கோப்பில் அந்த ஒரு சர்வரின் பெயருக்கு எதிரே அதன் உண்மையான ரெல்மை எழுதவேண்டும். இரு ரெல்ம்களுக்கும் பொதுவான சாவி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கு அடுத்த வேலை.