திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் கரிம உமிழ்வுக் குறைப்பு

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் கரிம உமிழ்வுக் குறைப்பு என்பது பெருமாநல்லூர் உள்ளிட்ட திருப்பூர் வட்டார ஆலைகள் தம்மால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் அளவைக் குறைக்க மேற்கொள்ளும் முயற்சிகளைக் குறிக்கும்.

உமிழ்வின் மூலங்கள்

துணி பின்னுவதற்கும் தைப்பதற்கும் மின்சாரம் தேவைப்படுகிறது. சாயமேற்றத் தேவையான நீராவி, விறகு அல்லது நிலக்கரி எரிக்கும் கொதிகலன்களில் பெறப்படுகிறது.

நொய்யல் ஆறு மாசடைந்ததைத் தொடர்ந்து, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறையைக் கைக்கொண்ட ஆலைகளே பின்னர் இயங்க அனுமதிக்கப்பட்டன. இம்முறையில் எதிர் சவ்வூடு பரவல் மூலம் பெரும்பகுதி நீர் மீட்கப்படுகிறது. எஞ்சும் உப்புநீர் ஆவியாக்கப்படுகிறது. ஆவியாக்கலுக்கு மிகுந்த ஆற்றல் செலவாவதால், ஆற்றைக் காக்கும் முறையே கரிம உமிழ்வைக் கூட்டவும் கூடும்.

குறைப்பு வழிகள்

குறைந்த நீரில் சாயமேற்றும் எந்திரங்களைப் பயன்படுத்தினால், சூடாக்க வேண்டிய நீரும் ஆவியாக்க வேண்டிய கழிவுநீரும் ஒருங்கே குறைகின்றன.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பயன்படுத்தும் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிக் காற்றாலைகளில் திருப்பூர் நிறுவனங்கள் பல முதலீடு செய்துள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே இவற்றின் உற்பத்தி மிகுதியாகும். கூரைகளில் சூரிய மின்தகடுகளும் அமைக்கப்படுகின்றன. எனினும் இவை மின்சாரத்தால் வரும் உமிழ்வையே குறைக்கின்றன. கொதிகலனின் எரிபொருளுக்கு மாற்றாவதில்லை.