இறுகிய தசையைத் தளர்த்தும் வலை

தசை எப்படி இறுகுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். இறுகியது எப்படித் தளர்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. தசை செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் சவ்வு வலையான சார்க்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் வேலை பிடிபட்டது இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

வலையின் தடயம் முதலில் கண்ணில் பட்டது 1902-ல். இத்தாலியின் பாவியாவில், கோல்ஜியின் மாணவர் எமிலியோ வெராட்டி, குருவின் வெள்ளி உப்பு முறையில் தசை நார்களைக் கறுப்பாக்கிப் பார்த்தார். நாருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய இழைகள். பொறுமையாக வரைந்து வெளியிட்டார். (அவர் வரைந்ததில் பெரும்பகுதி, வலையை ஒட்டி ஓடும் டி-குழாய்கள் என்பது பிறகு தெரியவந்தது.) உலகம் அதை மறந்தே போனது. 1953-ல் பென்னட்டும் போர்ட்டரும் கோழியின் நெஞ்சுத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் வலை மறுபடி பேச்சுக்கு வந்தது.

அது எதற்கு இருக்கிறது என்பதற்கான துப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1951-ல் கேம்பிரிட்ஜில் மார்ஷ் என்பவர், அரைத்த தசையில் தளர்ச்சியை உண்டாக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டார். கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் போதும், அதன் சக்தி போய்விடும். சாற்றில் கரைந்திருக்கும் பொருளாக இருக்கும் என்று தேடினார்கள், அகப்படவில்லை. டோக்கியோவில் குமகாய், எபாஷி, தகேதா மூவரும் 1955-ல் சாற்றை அதிவேகமாகச் சுழற்றியபோது, அந்தச் சக்தி கரைசலில் தங்காமல் அடியில் படியும் நுண்துகள்களோடு போனது.

அந்தத் துகள்கள் வேறொன்றுமில்லை, வலையின் சிதறல்கள். அரைக்கும்போது கிழிந்த சவ்வு, வாய் மூடிக் குட்டிக் குட்டிப் பைகளாகிவிடுகிறது. தசையே கூழான பிறகும் அந்தப் பைகள், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. கிடைத்தால் சுற்றியுள்ள கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்! கால்சியம் குறைந்தால் தசை தளரும். கேவலம் ஓர் அயனி இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று அன்று பலருக்குச் சந்தேகம். எபாஷி விடவில்லை. 1961-ல் ஹைடல்பெர்க்கில் ஹாஸல்பாக்கும் மகினோசேயும் அந்த உறிஞ்சலுக்குப் பின்னால் ஒரு பம்ப் இருப்பதைக் காட்டினார்கள். ஓர் ஏ.டி.பி.யைச் செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளை அது உள்ளே தள்ளுகிறது. நரம்பின் உத்தரவு வந்ததும் கிடங்கு திறக்கும், தசை இறுகும். பம்ப் வாரி உள்ளே போட்டதும் தளரும்.

அந்தப் பம்பின் அணு அளவிலான வடிவம் 2000-ல் வெளியானது. அதைக் கண்டறிந்த சிகாஷி தோயோஷிமாவும் எபாஷியைப் போலவே டோக்கியோ பல்கலைக்கழகத்துக்காரர்.