பங்கசும் பத்தடிக் காம்பராவும்

கொழும்பில் தேசிய நூதனசாலை 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இயற்கை வரலாற்றுக்கென்று தனி நூதனசாலை 1986இல்தான் வந்தது, அதுவும் பக்கத்திலேயே. கண்டி அரசரின் சிம்மாசனம் ஒரு கட்டடத்தில், எலும்புக்கூடுகளும் பாறைகளும் இன்னொன்றில். மனிதரின் கதை வேறு, மண்ணின் கதை வேறு என்று பிரித்து வைப்பது வசதிதான். மலையகத்தில் அந்தப் பிரிப்பு செல்லாது. எங்கள் ஆட்களை இந்த மலைக்குக் கொண்டுவந்தது ஒரு செடி. அவர்களை இங்கேயே தங்க வைத்ததில் ஒரு பங்கசுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்கசு இலங்கையில் முதலில் கண்ணில் பட்ட இடம் கண்டியும் இல்லை, நுவரெலியாவும் இல்லை. லுணுகலைக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம மடூல்சீமை!

குடும்பத்தோடு கண்டிப் பக்கம் இரண்டு நூதனசாலைகளைப் பார்க்கப் போனோம். அப்பாயியும் வந்தார். ஐம்பது வருசத்துக்கு மேல் கூடை சுமந்தவர்.

முதலில் ஹந்தானை. 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோரு ஒன்று பல வருடம் மூடிக்கிடந்து, 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாக மாறியது. கீழ்த்தட்டுகளில் பழைய இயந்திரங்கள். மேலே ஜேம்ஸ் டெய்லர், தோமஸ் லிப்டன் பற்றிய காட்சிகள். உச்சியில் தேநீர் குடிக்க இடமும், மலைகளைப் பார்க்கத் தொலைநோக்கியும் இருக்கின்றன. இயந்திரங்களை மெச்சத்தான் வேண்டும். வாடிய கொழுந்தை அரைக்கிற ரோலரைக் கண்டதும் அப்பா நின்றுவிட்டார். கொழுந்து வாடுவது, அரைபடுவது, காற்றுப்பட்டுச் சிவப்பது, சூட்டில் காய்வது, சலிப்பது என்று எல்லாவற்றையும் தம்பிக்கு அவரே விளக்கினார். வழிகாட்டி தேவைப்படவில்லை.

டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கைத் தேயிலையின் கதையை வழக்கமாக இங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 19 ஏக்கர் எப்படி நாடு முழுக்கப் பரவியது? டெய்லரின் கெட்டித்தனத்தால் மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அன்று மலை முழுக்கக் கோப்பி. 1869இல் மடூல்சீமைக் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மைல்ஸ் பெர்க்லி என்ற பங்கசு ஆய்வாளர் அதே வருடம் அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதிக்கு அழிக்கிறது என்று பொருள். வெள்ளைக்காரத் துரைமார் கேலியாக ‘நாசக்கார எமிலி’ என்றார்களாம். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்தார். அந்தத் தூள் பங்கசின் வித்திகள், அவை காற்றில் பரவுகின்றன என்று காட்டினார். காட்டை வெட்டி, மலைக்கு மலை ஒரே செடியை நட்டு வைத்தால் காற்றுக்கு என்ன கஷ்டம்? வித்தி இறங்கிய இடமெல்லாம் கோப்பிதான்.

கோப்பி விழுந்ததும் துரைமார் சிங்கோனாவைப் போட்டுப் பார்த்தார்கள், பிறகு தேயிலைக்கு மாறினார்கள். 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

இதில் எங்களுக்கு முக்கியமானது ஏக்கர் கணக்கு இல்லை. கோப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே நடந்து ஏறியவர்களில் பலர், சீசன் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தது அவர்களை நினைத்துத்தான். தேயிலை அப்படி இல்லை. ஏழெட்டு நாளுக்கொரு தடவை, வருசம் பூரா, கொழுந்து எடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும், குடும்பம் தங்க லயம் வேண்டும். வந்து போனவர்கள் இருந்துவிட்டவர்களாக ஆனதில் அந்தச் செம்மஞ்சள் தூளுக்கும் பங்குண்டு.

அந்த லயத்தைப் பார்க்கக் கம்பளைக்குப் போனோம். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அங்கே ஒரு பழைய லயத்திலேயே இருக்கிறது. தொலைநோக்கி கிடையாது. சமையல் சாமான்கள், வேலைக் கருவிகள், வாத்தியங்கள், பழைய காகிதங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்த அப்பாயி, “இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீங்க? நம்ம காம்பராவும் இதுதானே?” என்றார்.

சிரித்தோம். ஆனால் கேள்வி சரிதான். நூதனசாலை என்றால் முடிந்துபோனதைப் பார்க்கிற இடம். மலையகத்தில் நிறையப் பேர் இன்னும் லயத்தில் படுத்து எழும்புகிறார்கள். ஸ்டோருக்குள் போனால் இயந்திரம் பழசாகிவிட்டது தெரிகிறது. லயத்துக்குள் போனால் எது பழசு, எது இன்றைக்குள்ளது என்று பிரிக்க முடியவில்லை.

காகிதங்களுக்கு முன்னால் அப்பாயி அதிக நேரம் நின்றார். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஐந்தேகால் லட்சம் என்று படிக்கும்போது எண். அப்பாயிக்கு அது கோச்சியேறிப் போன அக்கா.

ஊவாவில் இப்படி ஒரு இடம் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். மடூல்சீமை ரோட்டில் 1869ஐச் சொல்கிற ஒரு பலகையைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அந்த இடத்தில் பங்கசும் லயமும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். கோப்பி இலையின் பக்கத்தில் படங்கு, கம்பளி, மட்டக்கம்பு, மூங்கில் கூடை. லுணுகலையில் தேடத் தொடங்கிவிட்டோம். மூங்கில் கூடை கிடைப்பது கஷ்டம், இப்போது எல்லாம் பிளாஸ்டிக்.

அப்பாயியிடமும் கேட்டோம். கம்பளியை உடனே எடுத்துத் தந்தார், மட்டக்கம்பும் தந்தார். தகரப் பெட்டியில் இருக்கிற பிரஜாவுரிமைக் காகிதத்தை மட்டும் தர மாட்டேன் என்றார்.

“அது பெட்டியிலேயே கெடக்கட்டும் கண்ணு. எப்பக் கேப்பாங்கன்னு தெரியாது.”