காட்பாடி எல்லைப்பகுதியில் வீட்டு மின்கட்டணம்: ஒரு வரலாற்று ஒப்பீடு

வேலூர் மாநகராட்சியைச் சேர்ந்த காட்பாடியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் கிறிஸ்டியான்பேட்டை வரும். அதைத் தாண்டினால் ஆந்திரப் பிரதேசம். எல்லையின் இருபுறமும் வெயில் ஒன்றுதான். மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் இரு புறமும் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் எடுக்கின்றன. ஆனால் மின்கட்டணம் ஒன்றல்ல. இந்த வேறுபாடு உருவான வரலாற்றையும், கட்டணங்களை ஒப்பிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே மாவட்டம், ஒரே மாகாணம்

சித்தூரும் வேலூரும் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு சித்தூர் தனி மாவட்டமானபோதும் இரண்டும் சென்னை மாகாணத்திலேயே நீடித்தன. இப்பகுதி மக்களுக்குப் பெரிய அளவிலான மின்சாரம் முதலில் அறிமுகமானது மைசூர் அரசில்தான். காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு வந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழர்கள்.

சென்னை மாகாண அரசு 1927இல் மின்துறையைத் தொடங்கியது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. அக்காலத்தில் பல ஊர்களில் உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்களும் மின்சாரம் வழங்கின. ஆகவே கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதற்கு முன்பே ஊருக்கு ஊர் வேறுபட்டது.

வாரியங்களும் நிறுவனங்களும்

1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு வழிவகுத்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. சென்னை மாநில மின்வாரியம் 1957இலும், ஆந்திரப் பிரதேச மின்வாரியம் 1959இலும் அமைந்தன. மொழிவழி எல்லை மின்கட்டண எல்லையாகவும் மாறியது இவ்வாறுதான்.

பின்னர் வாரியங்கள் பிரிக்கப்பட்டன. ஆந்திரத்தில் 1999இல் உற்பத்தியும் மின்கடத்தலும் பிரிந்தன. 2000இல் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் பகிர்மானக் கழகம் தோன்றியது. கர்நாடகத்தில் 2002இல் உருவான பெஸ்காம் நிறுவனம் கோலார் மாவட்டத்துக்கு மின்சாரம் வழங்குகிறது. தமிழ்நாட்டில் 2010 நவம்பரில் வாரியம் பிரிக்கப்பட்டு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் அமைந்தது. கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையத்துடையது.

கட்டணமும் அரசியலும்

மின்கட்டணம் இரு மாநிலங்களிலும் உயிர்ப்பலி கண்ட பிரச்சினை. 1970இல் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது கோவைப் பகுதியின் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 2000 ஆகஸ்டில் ஐதராபாத் பஷீர்பாக்கில், சீர்திருத்தத்தை ஒட்டிய கட்டண உயர்வுக்கு எதிரான போராட்டமும் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அதன்பின் மானியம் தேர்தல் வாக்குறுதிகளில் நிலையான இடம் பெற்றது. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுகிறது.

2022ஆம் ஆண்டு ஒப்பீடு

இரு மாநிலங்களிலும் 2022இல் கட்டணம் திருத்தப்பட்டதால் அவ்வாண்டு ஒப்பீட்டுக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 10 முதல், இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு முதல் 100 இலவசம். 101–200 வரை 2.25 ரூபாய், 201–400 வரை 4.50 ரூபாய், 401–500 வரை 6 ரூபாய். வீடுகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது.

ஆந்திரத்தில் கணக்கெடுப்பு மாதந்தோறும் நடக்கிறது. 30 யூனிட் வரை 1.90 ரூபாய், 31–75 வரை 3 ரூபாய், 76–125 வரை 4.50, 126–225 வரை 6, 226–400 வரை 8.75, அதற்கு மேல் 9.75 ரூபாய். நிலைக்கட்டணம் தனி.

யூனிட் விலைகளை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒன்று மாதக் கணக்கு, மற்றொன்று இருமாதக் கணக்கு. ஆகவே ஆந்திரத்தின் மாதக் கட்டணத்தை இரட்டித்து, மாதந்தோறும் சம அளவு பயன்பாடு என்று கொண்டு, நிலைக்கட்டணமும் வரியும் நீக்கிக் கணக்கிட்டால் இருமாதத் தொகை (ரூபாயில்) இவ்வாறு அமையும்:

- 200 யூனிட்: தமிழ்நாடு 225, ஆந்திரம் 609
- 300 யூனிட்: தமிழ்நாடு 675, ஆந்திரம் 1,134
- 500 யூனிட்: தமிழ்நாடு 1,725, ஆந்திரம் 2,471.50
- 1,000 யூனிட்: தமிழ்நாடு 6,550, ஆந்திரம் 7,046.50
- 1,500 யூனிட்: தமிழ்நாடு 12,050, ஆந்திரம் 11,921.50

ஏறத்தாழ 1,400 யூனிட் வரை காட்பாடி வீட்டுக்கே செலவு குறைவு. மிக அதிகமாகப் பயன்படுத்தும் வீடுகளில் நிலை தலைகீழாகிறது.

501ஆவது யூனிட்

தமிழ்நாட்டு முறையில் ஒரு மேடு உண்டு. 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், அவையும் 4.50 ரூபாய் ஆகின்றன. அதனால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் செலுத்தும் வீடு 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் செலுத்த வேண்டும். ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்!

இதனால் மிகவும் பாதிக்கப்படுபவர்கள் ஒரே மீட்டரைப் பகிரும் வாடகைக் குடும்பங்கள். தலா 200 யூனிட் பயன்படுத்தும் மூன்று குடும்பங்களுக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால் மொத்தம் 675 ரூபாய். ஒரே மீட்டரில் அது 600 யூனிட்டாகி 2,750 ரூபாய் ஆகிறது. இலவச 100 யூனிட்டும் மூன்று முறைக்குப் பதில் ஒரு முறைதான் கிடைக்கிறது. ஏழைக்கென வகுத்த சலுகை, தனி மீட்டர் இல்லாத ஏழையைச் சென்றடைவதில்லை.

கர்நாடகமும் பிற்கால மாற்றங்களும்

கர்நாடகம் 2023 ஜூலையில் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். ஆனால் தொடங்கியபோது ஒரு வீட்டின் 2022–23ஆம் ஆண்டுச் சராசரியுடன் 10 விழுக்காடு கூட்டிய அளவே அதன் வரம்பாக இருந்தது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் கட்டணம் 4.83 விழுக்காடு உயர்ந்தது. ஆகவே மேற்கண்ட தொகைகள் 2022க்கு மட்டுமே உரியவை.

யார் செலுத்துகிறார்கள்?

குறைந்த கட்டணம் என்பது குறைந்த செலவு அல்ல. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, மானியம் அறிவிக்கும் அரசு அத்தொகையை நிறுவனத்துக்கு முன்கூட்டியே தர வேண்டும். எஞ்சிய சுமையில் ஒரு பகுதி தொழிற்சாலைகள் மீது விழுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளும் இவற்றில் அடங்கும். எனவே எல்லையின் இரு பக்கக் கட்டணங்களை ஒப்பிடும்போது, ரசீதில் உள்ள தொகையோடு, மீதியை வரியாகவும் கடனாகவும் யார் சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.