அலிபாபாவின் எள்ளும் உப்பும்

அரபுக் கதை என்று உலகமே கூறும் ஒரு கதை, அரபு மொழியின் பழஞ்சுவடிகளில் இல்லை என்பது விந்தையான செய்தி. அலிபாபாவின் கதை அத்தகையது. தமிழ் முஸ்லிம் இல்லங்களில் மூன்று தலைமுறையினர் அக்கதையை அறிவர். எனினும் அவர்களுள் பெரும்பாலோர்க்கு அதனை அறிவித்தது ஏடு அன்று, வெண்திரையே.

என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்து 1941-ஆம் ஆண்டிலேயே தமிழில் ஓர் அலிபாபா படம் வந்தது. ஆயினும் மக்கள் உள்ளத்தில் நிலைத்தது 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் படமேயாகும். டி.ஆர். சுந்தரம் இயக்கிய அப்படத்தில் எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும், பானுமதி மார்ஜியானாவாகவும், பி.எஸ். வீரப்பா கொள்ளைத் தலைவன் அபூ ஹுசைனாகவும் தோன்றினர். கேவா கலரில் உருவான அதுவே தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம்.

பழைய ஆவணங்கள் மஹ்மூது பந்தர் எனக் குறிக்கும் பரங்கிப்பேட்டையில் வளர்ந்தவன் யான். 1970-களின் இறுதியில், கூடாரக் கொட்டகை ஒன்றின் மணல் தரையில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தேன். எங்கள் இல்லத்துப் பெரியோர் சினிமாவை விரும்பாதவர்கள். ஆயினும் பெயரில் ‘அலி’ இருந்தமையால் இப்படத்திற்கு மட்டும் எளிதில் இசைவு கிட்டியது! எங்கள் தெருவில் வழங்கும் பெயர்களைத் தாங்கியோர் திரையில் வீரராய் உலவக் கண்ட சிறுவர்களின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ? குகைக் கதவு தானே திறந்தபோது கொட்டகையே அதிர்ந்தது.

அண்மையில் சிதம்பரத்தில் என் மகள் இல்லத்தில் பேரப்பிள்ளைகளோடு அதே படத்தை மீண்டும் கண்டேன். அந்த வண்ணமும் வாள்வீச்சும் இன்றும் இனிமையாகவே இருந்தன. ஆனால் அரபு நூல்களோடு முப்பது ஆண்டுகள் பழகிய கண்ணுக்கு, சிறுவயதில் புலப்படாத பல புலப்பட்டன. “சீசேம் என்றால் என்ன?” என்று பேரன் கேட்டான். அவ்வொரு சொல்லில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது.

ஆயிரத்தோர் இரவுகளின் பழமையில் ஐயமில்லை. ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் தாள் துண்டு ஒன்றை 1949-இல் நபியா அப்பட் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். கி.பி. 987-இல் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலை எழுதிய பக்தாது அறிஞர் இப்னு நதீம், இக்கதைகளின் பாரசீக மூலத்தைக் குறிப்பிட்டு, சுவையற்ற நூல் என்று ஒதுக்கியும் விடுகிறார்! அரபு உலமாக்கள் இக்கதைகளுக்கு உயரிய இடம் அளித்ததில்லை. இவற்றை உலகப் புகழுக்கு உயர்த்தியவர் அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1704 முதல் 1717 வரை அவருடைய மொழிபெயர்ப்பு 12 பாகங்களாக வெளிவந்தது. அவர் கையிலிருந்த அரபுச் சுவடியில் அலிபாபா இல்லை. ஹலப் நகரத்து மாரோனியக் கிறித்தவ இளைஞரான ஹன்னா தியாப், 1709-இல் பாரிஸில் அவருக்கு வாய்மொழியாகக் கூறிய கதைகளுள் அதுவும் ஒன்று. கலான் அதனை நாட்குறிப்பில் சுருக்கமாக எழுதி வைத்து, பின்னர் விரித்துரைத்தார். முதுமையில் தியாப் எழுதிய பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் கிடைத்து, நம் காலத்தில்தான் அச்சேறின.

அந்நாளில் நம் கரையின் நிலை யாது? ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் வாங்கிக் கடலூரில் நிலைபெற்றிருந்தனர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இருந்தனர். இக்கரையின் துணிகள் மேற்கே சென்ற அதே காலத்தில் ஹலபின் கதையும் மேற்கே சென்றது. துணி சாயமேறித் திரும்புவது போலக் கதையும் ஐரோப்பியச் சாயமேறித் திரும்பியது.

அதற்குச் சான்று அந்தச் ‘சீசேம்’ என்ற சொல்லே. அரபியில் அது ‘சிம்சிம்’; பொருள், எள். இந்தியில் இன்றும் ‘சிம்சிம்’ என்றே வழங்குகிறது. தமிழிலோ ஐரோப்பிய ஒலிப்பான ‘சீசேம்’ நிலைத்துவிட்டது. குகைக்குள் சிக்கிய காசிம், எள்ளை மறந்து வாற்கோதுமையின் பெயரைச் சொல்லித் தவிப்பதாகக் கலான் எழுதுகிறார். சொல்லின் பொருள் அறிந்தாலன்றி அந்தத் தவிப்பின் சுவை விளங்காது. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் புதிய எள் இரகங்களை வெளியிட்ட மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, அக்கதவைத் திறந்தது நம் வயலின் எள்தான் என்று சொல்லிப் பாருங்கள். மந்திரம் நம் வீட்டுச் செக்கிற்கு வந்துவிடும்.

மற்றொன்று, பெயர். ‘அபூ ஹுசைன்’ என்பது ‘ஹுசைனின் தந்தை’ என மதிப்புடன் அழைக்கும் குன்யத்துப் பெயர். கலான் நூலில் கொள்ளைத் தலைவனுக்கு இயற்பெயரே இல்லை. வணிகனாக வேடமிட்டு வரும்போது மட்டும் ‘குவாஜா ஹுசைன்’ என்று புனைந்து கொள்கிறான். வேடத்திற்கு அணிந்த பெயர், திரையில் கொடியவனின் சொந்தப் பெயராய் அமைந்துவிட்டது. இதில் படமெடுத்தோரின் பகைமை ஏதுமில்லை. வீரனுக்கும் நம் பெயரையே சூட்டினர். ஆயினும், நம் பெயர்களையும் நாகரிகத்தையும் வாளும் குகையும் நடனமும் கொண்ட காட்சியாக மட்டுமே பிறர் அறிய நேர்ந்தால், அக்காட்சிக்கு அப்பால் உள்ளதை எடுத்துரைக்க வேண்டியவர் யார்? நாமே அன்றோ?

எடுத்துரைக்கத்தக்கது அக்கதையிலேயே இருக்கிறது. கதையின் உண்மையான வீரர் அலிபாபா அல்லர், பணிப்பெண் மார்ஜியானாவே. ‘மர்ஜான்’ என்பதற்குப் பவளம் என்றும் சிறுமுத்து என்றும் பொருள் கூறுவர். சூரத்துர் ரஹ்மானில் வரும் சொல் அது. கலான் நூலில், விருந்தினனாக வந்த வணிகன் உப்பில்லாத உணவு வேண்டும் என்கிறான். மற்றவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மார்ஜியானாவுக்கோ ஐயம் பிறக்கிறது. உப்பை உண்டவன் அவ்வீட்டாருக்குத் தீங்கு செய்தல் ஆகாது என்பது வழக்கு. தீங்கு செய்யத் துணிந்தவன் உப்பைத் தவிர்க்கிறான்! கொடியவனும் மீற அஞ்சிய அறம் அது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் தமிழ் முதுமொழியை அறிந்த நமக்கு இதற்கு உரை வேண்டுமோ?

பிள்ளைகள் படத்தைக் கண்டு மகிழட்டும், தடுக்க வேண்டுவதில்லை. படம் முடிந்தபின் அவர்களை அருகழைத்து, ஹலபிலிருந்து சென்று இக்கதையைச் சொன்ன இளைஞரைப் பற்றியும், எள்ளைப் பற்றியும், உப்பைப் பற்றியும் கால் நாழிகை பேசுங்கள். குகையின் பொற்குவியலை அவர்கள் மறந்தாலும், உப்பின் அறம் நெஞ்சில் நிற்கும்.