நோயாளியைப் பின்தொடர்ந்த உறை: பிரிட்டனில் மருத்துவக் குறிப்புகளின் நூற்றாண்டு

பிரிட்டனில் பொது மருத்துவர் எனப்படுபவர், பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியே சிறு சிகிச்சையகம் ஒன்றை நடத்தி, தம்மிடம் பெயர் பதிந்துகொண்ட குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவருபவர். அவர் எழுதிவைக்கும் நோயாளிக் குறிப்புகள் காகித உறையிலிருந்து கணினிக்கும், அங்கிருந்து தொலைவிலுள்ள தரவு மையங்களுக்கும் இடம்பெயர்ந்த வரலாறு, பெரும்பாலும் சேமிப்புக் கருவிகளின் வளர்ச்சியாகவே சொல்லப்படுகிறது. ஊன்றி நோக்கினால், நோயாளி ஊர் மாறும்போது அவருடைய குறிப்பும் பொருள் சிதையாமல் உடன்செல்லுமா, அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே அவ்வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருவது புலப்படும்.

1911-இல், நிதியமைச்சராக இருந்த டேவிட் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்புறுதிச் சட்டம், குறைந்த ஊதியம் பெற்ற தொழிலாளர்கள் வாரந்தோறும் சிறு தொகை செலுத்தி மருத்துவ உதவி பெற வழிசெய்தது. அதுவரை மருத்துவர் தம் வசதிக்கேற்ப நாட்குறிப்பிலும் கணக்கேட்டிலும் எழுதிவந்தவை அவருடைய சொந்த உடைமைபோலவே கருதப்பட்டன. காப்புறுதி நிதியிலிருந்து ஊதியம் வரத் தொடங்கியதும், குறிப்புகளை முறையாக எழுதிவைப்பது அவருடைய கடமைகளுள் ஒன்றாயிற்று. முதல் உலகப் போரால் தடைபட்ட அந்த ஏற்பாடு, 1920-இல் நிலையான வடிவம் பெற்றது. ஏறத்தாழ 7 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்ட தடித்த தாளுறை ஒன்று, அதனுள் செருகிவைக்கும் அட்டைகள் சில என்று அமைந்த அது, இன்றளவும் 'லாயிட் ஜார்ஜ் உறை' என்றே அழைக்கப்படுகிறது.

அவ்வுறையின் சிறப்பு அதன் வடிவத்தைவிட அது சென்ற வழியில்தான் இருந்தது. நோயாளி வேறு மருத்துவரிடம் பெயர் பதிந்ததும், வட்டார நிர்வாக அமைப்பு பழைய மருத்துவரிடமிருந்து உறையைத் திரும்பப் பெற்றுப் புதியவருக்கு அனுப்பிவைத்தது. 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கி, மருத்துவ உதவி மக்கள் அனைவருக்கும் உரியதானபோது, இம்முறையும் அனைவருக்கும் விரிந்தது. காலப்போக்கில் மருத்துவமனைகளின் கடிதங்களும் பரிசோதனை முடிவுகளும் நான்காக மடித்துத் திணிக்கப்பட்டதால், நாட்பட்ட நோயுற்றோரின் உறைகள் பிதுங்கி ஓரம் கிழிந்தன. ஒவ்வாமை பற்றிய ஒற்றை வரியைத் தேடக் கட்டு முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது.

இந்நெருக்கடிக்குத் தீர்வாகவே கணினி வந்தது. எக்ஸிட்டர் நகரைச் சேர்ந்த ஜான் ப்ரீஸ், 1970-இல் தம் ஆலோசனை அறையிலேயே கணினியைப் பயன்படுத்திய முதல் பொது மருத்துவராகக் கருதப்படுகிறார். 1982-இல் அரசு கணினி விலையில் ஒரு பகுதியை ஏற்று, சிகிச்சையகங்களை அதன்பால் ஈர்த்தது. 1987-இல் வாம்ப், மெடிடெல் ஆகிய நிறுவனங்கள், பெயர் நீக்கிய நோயாளித் தரவுகளைப் பெற்றுக்கொண்டு அதற்கு ஈடாகக் கணினிகளையே வழங்கின. லாஃப்பரோவின் மருத்துவர் ஜேம்ஸ் ரீட் உருவாக்கிய 'ரீட் குறியீடுகள்' இதே காலத்தில் பரவின. ஒரு நோயை அல்லது சிகிச்சையைச் சில எழுத்துகளாலும் எண்களாலும் சுட்டும் முறை அது. எடுத்துக்காட்டாக, ஆஸ்துமா எச்33 என்றும் நீரிழிவு சி10 என்றும் பதியப்பட்டன. உறைகளைப் பிரித்து, கடிதங்களை நாள்வாரியாக அடுக்கி, அறுவை, தடுப்பூசி, ஒவ்வாமை ஆகியவற்றைக் கண்டெடுத்துக் குறியீடாக மாற்றும் பணி, சிகிச்சையக ஊழியர்களிடம் பெரும் பொறுமையைக் கோரியது.

ஆனால் சேமிப்பில் முன்னேறிய அக்காலம், குறிப்பின் பயணத்தில் பின்னடைந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாததால், நோயாளி மாறிச்செல்லும்போது கணினிப் பதிவைத் தாளில் அச்சிட்டு, அதே பழைய உறைக்குள் மடித்து அனுப்ப, புதிய சிகிச்சையகத்தில் அதை மீண்டும் தட்டச்சு செய்தனர். 2000-இல் காகிதமின்றிக் கணினியில் மட்டும் குறிப்பு வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளித்த பின்னரும் இந்நிலை நீடித்தது. பதிவுகளை மின்வழியே அனுப்பும் ஜிபி2ஜிபி என்னும் ஏற்பாடு 2007 முதல்தான் இங்கிலாந்தில் பரவலாயிற்று; அப்போதும் மருந்தளவும் ஒவ்வாமையும் சில வேளைகளில் குறியீடிழந்து வெறும் உரையாக வந்துசேர்ந்ததால், மருத்துவர் அவற்றை மறுபடியும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

சிகிச்சையகத்தின் மூலையில் இயங்கிய சர்வரும், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் தரவு வழங்கும் மையக் கணினியும், தனிக் கவலையாக இருந்தது. மாலைதோறும் காந்த நாடாவில் காப்புநகல் எடுத்து, தீக்கும் திருட்டுக்கும் அஞ்சி அதை வேறிடத்தில் பத்திரப்படுத்தும் பொறுப்பு, கணினிப் பயிற்சி பெறாத ஊழியரிடமே பெரும்பாலும் விடப்பட்டது. சிஸ்டம்ஒன், எமிஸ் வெப் போன்ற மென்பொருள்கள் குறிப்புகளைப் பொதுத் தரவு மையங்களில் வைத்து இச்சுமையைக் குறைத்தன. 2017 மே மாதத்தில் நடந்த வானாகிரை என்னும் கணினித் தாக்குதலில் இங்கிலாந்தில் 595 பொது மருத்துவச் சிகிச்சையகங்கள் பாதிக்கப்பட்டது, கணினிப் பாதுகாப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டியது. 2018 ஜனவரியில், தகுந்த பாதுகாப்போடு மேகக் கணிமையைப் பயன்படுத்தலாம் என்று தேசிய சுகாதாரச் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியாயிற்று. பெருநிறுவனங்களின் தரவு மையங்களில் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் வாடகைக்குப் பெறுவதே மேகக் கணிமை ஆகும்.

எனினும் தரவு இருக்கும் இடம் மாறியதால் பொறுப்பு மாறவில்லை. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறிப்பு எதற்காகப் பயன்பட வேண்டும் என்பதற்குப் பொறுப்பேற்கும் 'தரவுக் கட்டுப்பாட்டாளர்' சிகிச்சையகமே; மேகச் சேவையை வழங்கும் நிறுவனம் அதன் பணிப்பின்படி நடக்கும் 'செயலாக்கர்' மட்டுமே. ஆகவே குறிப்புகளை மேகத்துக்கு மாற்றும் சிறு சிகிச்சையகம், இடத்தின் வாடகையைக் கணக்கிடுவதற்கு முன், நாளை நோயாளியோ மருத்துவரோ அங்கிருந்து விலகும்போது குறிப்பை முழுப் பொருளோடு வெளியே எடுக்க இயலுமா என்று கேட்டுத் தெளிவது கடன். 1920-இன் தாளுறை அதற்கு இயலும் என்று விடை தந்தது. அதே விடையைத் தராத எந்தச் சேமிப்பும், எவ்வளவு விரைவாக இயங்கினும், மருத்துவத்திற்கு முன்னேற்றம் ஆகாது.