அன்னை தெரசாவின் சபை: சேவையும் கணக்கும்

அன்னை தெரசா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. அந்தச் சேலைகளை நெய்பவர்கள் யார் தெரியுமா? கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டிட்டாகர் என்ற ஊரில், சபை நடத்தும் இல்லத்தில் இருக்கும் தொழுநோயாளிகள்தான். சகோதரிகளின் சொந்த உடைமை என்று பார்த்தால் மாற்றிக் கட்டச் சில சேலைகள், ஒரு வாளி, ஜெபமாலை என்று ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு எளிமையாக வாழ்ந்தவர்களின் சபைக்கு உலகம் முழுவதிலும் இருந்து கோடிக்கணக்கில் பணம் வந்தது. அந்தப் பணம் எப்படி வந்தது? எங்கே போனது? இந்தக் கேள்வியைப் பலர் கேட்கத் தயங்கினார்கள். கேட்ட சிலரோ கோபத்தோடு கேட்டார்கள். இரண்டு பக்கத்தையும் பார்ப்பது அவசியம்.

தொடக்கம்

ஆக்னஸ் கோன்ஜா போயாஜியூ 1910 ஆகஸ்ட் 26-ல் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். லொரேட்டோ சபையில் சேர்ந்து 1929 ஜனவரியில் கல்கத்தா வந்தார். என்டாலியில் உள்ள செயின்ட் மேரீஸ் பள்ளியில் ஆசிரியையாகவும் பின்னர் தலைமை ஆசிரியையாகவும் இருந்தார். 1946 செப்டம்பர் 10-ல் டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகளோடு போய் வாழ வேண்டும் என்ற அழைப்பு தனக்குக் கிடைத்ததாக அவர் சொன்னார். 1948-ல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்து, பாட்னாவில் சில மாதம் மருத்துவப் பயிற்சி பெற்று, மோதிஜீல் சேரியில் பள்ளி தொடங்கினார்.

1950 அக்டோபர் 7-ல் அவருடைய சபைக்கு ரோமின் அனுமதி கிடைத்தது. 'மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி' என்பது அதன் பெயர். தமிழில் 'பிறர் அன்பின் பணியாளர் சபை' என்பார்கள். அப்போது பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தனர். 1952-ல் காளிகாட்டில் 'நிர்மல் ஹிருதய்' திறக்கப்பட்டது. தெருவில் கிடந்து சாக இருந்தவர்களை எடுத்து வந்து, கழுவி, படுக்க வைத்து, கடைசி நேரத்தில் துணை இருக்கும் இல்லம் அது. பின்னர் அநாதைக் குழந்தைகளுக்காக 'சிசு பவன்' வந்தது. தொழுநோயாளிகளுக்காக ஆசன்சால் பக்கம் 'சாந்திநகர்' வந்தது.

நான்காவது வார்த்தைப்பாடு

கத்தோலிக்கத் துறவிகள் பொதுவாக மூன்று வார்த்தைப்பாடுகள் எடுப்பார்கள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இந்தச் சபையில் நான்காவதாக ஒன்று உண்டு. ஏழைகளிலும் ஏழைகளுக்கு முழுமனதோடு இலவசமாகச் சேவை செய்வது. சபையின் பொருளாதாரம் முழுவதும் இந்த 'இலவசமாக' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

மற்ற பல சபைகள் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தி, வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கி, அதில் ஏழைகளுக்கும் உதவுகின்றன. இந்தச் சபைக்கு அந்த வழி கிடையாது. நன்கொடை ஒன்றுதான் வழி. காளிகாட் இல்லம் இருக்கும் கட்டிடமே, காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்ரீகர் விடுதியைக் கல்கத்தா மாநகராட்சி கொடுத்ததுதான். 1964-ல் பம்பாய் வந்த போப்பாண்டவர் ஆறாம் பால், தான் பயன்படுத்திய வெள்ளை லிங்கன் காரை அன்னையிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதில் ஏறிச் சுற்றவில்லை. பரிசுச் சீட்டு நடத்தி, அதில் வந்த பணத்தைச் சாந்திநகருக்குக் கொடுத்துவிட்டார்! 1979-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோதும், வழக்கமான விருந்தை ரத்து செய்து அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

பண விஷயத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று. தேவையானதைக் கடவுள் அனுப்புவார் என்பதுதான் அது. நிதி திரட்டும் நிரந்தர ஏற்பாடுகளை அவர் விரும்பவில்லை. சபைக்கு உதவிய 'உடன் பணியாளர்கள்' அமைப்பு பல நாடுகளில் வளர்ந்திருந்தும் 1993-ல் அதைக் கலைத்துவிட்டார். அவர் 1997 செப்டம்பர் 5-ல் காலமானபோது 123 நாடுகளில் 610 இல்லங்கள், ஏறக்குறைய 4,000 சகோதரிகள். ஒரு சேரிப் பள்ளியில் தொடங்கியது 50 ஆண்டுக்குள் இவ்வளவு தூரம் வந்திருந்தது.

எழுந்த கேள்விகள்

1994-ல் மருத்துவ இதழான லான்செட்டின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் காளிகாட் இல்லத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். சுத்தத்தையும், புண்களைக் கவனித்த விதத்தையும், அன்பையும் பாராட்டினார். ஆனால் கடும் வலிக்குத் தேவையான மருந்துகள் இல்லை என்றும், குணமாகக் கூடியவரையும் சாகப் போகிறவரையும் பிரித்துப் பார்க்கும் முறை இல்லை என்றும் குறை சொன்னார். இது மருத்துவமனை அல்ல, இல்லம் என்பது சபையை ஆதரித்தவர்களின் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனால் வலி மருந்து வாங்கப் பணம் இல்லாமலா இருந்தது?

அதே 1994-ல் பிரிட்டனின் சேனல் 4-க்காக ஒரு ஆவணப்படத்தை எழுதி வழங்கிய கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ், 1995-ல் ஒரு நூலும் எழுதினார். அதில் சார்லஸ் கீட்டிங் விவகாரம் முக்கியமானது. அமெரிக்காவில் ஒரு சேமிப்பு நிறுவனத்தை நடத்தி, ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் பணம் போகக் காரணமானவர் கீட்டிங். அவர் சபைக்கு 12.5 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். 1992-ல் அவருக்குக் கருணை காட்டும்படி அன்னை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் பால் டர்லி, இது திருடப்பட்ட பணம், உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று பதில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை என்கிறது ஹிட்சன்ஸின் நூல். கீட்டிங் மீதான தீர்ப்புகள் 1996-ல் ரத்தாயின என்பதையும், 1999-ல் அவரே சில குற்றங்களை ஒப்புக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1998-ல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் இன்னொரு கணக்கை வெளியிட்டது. இங்கிலாந்தில் அறக்கட்டளைகளின் கணக்கைச் சட்டப்படி பார்க்க முடியும். 1991-ல் அங்கே சபைக்கு வந்தது 53 லட்சம் மார்க் என்றும், அங்கே செலவானது 7 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அது எழுதியது. சபையில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து விலகிய சூசன் ஷீல்ட்ஸ், நியூயார்க் வங்கிக் கணக்கு ஒன்றில் 5 கோடி டாலர் இருந்ததாகச் சொன்னார். மீதிப் பணம் மற்ற நாடுகளின் இல்லங்களுக்குப் போயிருக்கலாம். எதிர்காலத்துக்கு என்று சேர்த்தும் வைத்திருக்கலாம். சபை முழுமையான கணக்கை மக்கள் முன் வைக்காததால் சந்தேகமே மிஞ்சியது.

2021 கிறிஸ்துமஸ்

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெற உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். 2021 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், சபையின் பதிவைப் புதுப்பிக்க அமைச்சகம் மறுத்தது. சில பாதகமான தகவல்கள் கிடைத்ததாக மட்டும் சொன்னது. அவை என்ன என்று விளக்கவில்லை. சபை தன் ஆண்டறிக்கையில் 2020-21-ல் சுமார் 75 கோடி ரூபாய் வெளிநாட்டில் இருந்து வந்ததாகக் காட்டியிருந்தது. ஒடிசா முதல்வராக இருந்த நவீன் பட்நாயக், அந்த மாநிலத்தில் உள்ள சபை இல்லங்களுக்கு 78.76 லட்சம் ரூபாய் ஒதுக்கினார். 2022 ஜனவரி முதல் வாரத்திலேயே பதிவு திரும்பக் கிடைத்தது.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பணம் நின்றால் முதலில் கலங்குவது அநாதைக் குழந்தையும் தொழுநோயாளியும்தான். சபையைச் சந்தேகிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கணக்குக் கேட்ட சட்டம், தன் முடிவுக்குக் காரணத்தைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சபைக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரிய பணக்காரர்களும் உண்டு, சில்லறையைச் சேர்த்து அனுப்பியவர்களும் உண்டு. அவர்கள் அன்னையை நம்பிக் கொடுத்தது, காளிகாட்டில் படுத்திருக்கும் ஒருவருக்காக. அந்தப் பணம் அந்தப் படுக்கை வரை போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதால் அன்னையின் புனிதம் குறைந்துவிடாது. தனக்கு என்று எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள் கணக்குக் காட்டப் பயப்படவும் தேவையில்லை. நம் ஊர்க் கோயில் கொடையில் கூட வசூலையும் செலவையும் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். யாரும் திருடினார்கள் என்பதற்காக அல்ல, அடுத்த வருஷமும் ஊர் நம்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.